பைபோலார் உள்ள தம்பி, தங்கச்சி எங்கே இருப்பது? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

உடன்பிறந்தவருக்குப் பைபோலார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்; அளவுமீறிய உற்சாகமும் வேகமுமான 'எழுச்சி'யும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய் அது. உங்களுக்குக் கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டது. இந்த இடத்தில் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே "இப்போதைக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்கிறார்கள். இப்போதைக்கு என்றது வருடக்கணக்கில் நீண்டு, யாரும் தீர்மானிக்காமலே ஓர் ஏற்பாடு நிலைத்துவிடுகிறது.

வழிகள் நான்கு: உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது, நடந்து போகும் தூரத்தில் தனி வீடு அல்லது அறை எடுத்துக் கொடுப்பது, அம்மா அப்பாவோடு குடும்ப வீட்டிலேயே இருக்க விடுவது, மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பது. பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான் சரிவரும் என்பது எங்கள் கருத்து. ஊரில் முதலில் சொல்லப்படுவது முதலாவது. "கூடப்பிறந்தவனை வேறே வைப்பியா" என்று கேட்பவர்கள் இரவு இரண்டு மணிக்கு வந்து உட்காரப் போவதில்லை.

எந்த வழியானாலும் மூன்று பொறுப்புகள் யாரிடம் என்று முதலிலேயே பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டும்: மாத்திரை, தூக்கம், பணம்.

மாத்திரையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் வீட்டு அமைப்பை மற்ற எதையும்விட இதுதான் தீர்மானிக்கிறது. பைபோலாருக்குக் கொடுக்கும், மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. சிலருக்கு அதற்குக் கீழேயே தொந்தரவு தொடங்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகலான குளிகைகள் அதிகம் கிடையாது. ரத்தம் எடுப்பது இரவு மாத்திரை சாப்பிட்டுச் சரியாக 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு. லேபுக்குப் போகும் வழியில் டீயோடு காலை மாத்திரையையும் போட்டுவிட்டால் அந்த ரிப்போர்ட்டால் பயனில்லை. மாத்திரை அளவு மாறிய ஐந்து முதல் ஏழு நாளில் ஒரு முறை, நிலையானபின் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கூடவே தைராய்டும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

இந்த அளவைக் கெடுப்பது பெரும்பாலும் நம் சமையலறையும் பக்கத்து மெடிக்கல் ஷாப்பும்தான். அப்பாவுக்குப் பிரஷர் என்று வீடு முழுக்க உப்பைச் சட்டென்று குறைத்தால், உப்புக்குப் பதிலாகச் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ரத்தத்தில் அளவு ஏறும். மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், பல்வலிக்கு ஐபுபுரூபன் வாங்கிப் போட்டாலும் ஏறும், வலிக்குப் பாராசிட்டமால்தான். பிரஷர் மாத்திரைகளில் பலவும் ஏற்றும் என்பதால், தம்பிக்கே பிரஷர் வந்தால் மனநல டாக்டரிடம் சொல்லாமல் புதிய மாத்திரை கூடாது. சித்திரை வெயிலில் கட்டட வேலை, வாந்தி, வயிற்றுப்போக்கு, நோன்பு எல்லாம் தண்ணீர்ச்சத்தைக் குறைப்பவை. கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி இவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தள்ளாட்டத்தைப் பார்த்துக் 'குடித்திருக்கிறான்' என்று திட்டிவிட்டுத் தூங்கப்போவதுதான் இதில் நடக்கும் மிக மோசமான தவறு.

வேறு மருந்துகளுக்கு வேறு கணக்கு. லாமோட்ரிஜின் ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. உடம்பில் ஆபத்தான தடிப்பு வரலாம், குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். ஓலான்சபின், குவெட்டியாபின் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். மூன்று வேளையும் சோறும் மரச்சீனியுமாக இருக்கும் வீட்டில் இன்னும் வேகமாக. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதியிருந்தால், மாற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. அழுகையும் சோர்வுமாக இருக்கிறார் என்று பொது டாக்டரிடம் மனச்சோர்வு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுப்பதும் தப்பு. தனியாகக் கொடுத்தால் அதுவே ஆளை எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடக்கூடும்.

அடுத்தது தூக்கம். எழுச்சி வருவதன் முதல் அடையாளமும் தூக்கம் குறைவதுதான், அதைத் தூண்டிவிடுவதும் அதுதான். நம் மாவட்டத்தில் இதைக் கெடுக்கும் வேலைகள் நிறைய. ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் எழ வேண்டும். தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் படகில் வாரக்கணக்கில் தங்குபவருக்கு நேரத்துக்குத் தூக்கமும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. லித்தியம் சாப்பிடுபவருக்கு அந்தப் படகு வேண்டாம் என்றே சொல்வோம். கரையில் வலை, ஐஸ், ஏலக்கூடத்து வேலை பார்க்கலாம். பால்வெட்டுத்தான் பிழைப்பென்றால் இரவு எட்டு மணிக்கே படுக்க வேண்டும், மாத்திரை நேரமும் முன்னால் போக வேண்டும். கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் வரும் வாரம் தனிக் கவனம் கேட்கும். தொடர்ந்து இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல் உற்சாகமாக எழுந்தால் மூன்றாம் நாள் டாக்டரைக் கூப்பிட வேண்டும். "நல்லாத்தானே இருக்கான், வேலையெல்லாம் பாக்கான்" என்று காத்திருக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். எழுச்சியில் கையெழுத்தும் நகையும் நிற்காது. 'இருவரில் ஒருவர்' என்ற முறையில் உள்ள கூட்டுக் கணக்கை அவர் ஒருவரே ஒரு மத்தியானத்தில் காலி செய்யலாம். 'இருவரும் சேர்ந்து' என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். அன்றாடச் செலவுக்குச் சின்னத் தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கு, போன் பணப்பரிமாற்றம் அதில் மட்டும். மூலப்பத்திரமும் நகையும் வங்கி லாக்கரில். புத்தி தெளிவில்லாத நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தார் என்று கோர்ட்டில் நிரூபிப்பது வருடக்கணக்கில் இழுக்கும். இந்த ஏற்பாடுகளையெல்லாம் அவர் தெளிவாக இருக்கும் மாதங்களில் அவரையே உட்கார வைத்துப் பேசிச் செய்ய வேண்டும். ரகசியமாகச் செய்தால் உங்களை எதிரி என்று நினைக்க அதுவே காரணமாகிவிடும்.

உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டால்

கண்காணிப்பு எளிது, செலவு குறைவு, தூக்கம் கெடுவது அன்றிரவே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஆறு முதல் எட்டு வாரம் இதுதான் சரி. அதற்குமேல் நீட்டினால் சிக்கல் இரண்டு இடத்தில் வரும்.

ஒன்று, வேலை முழுக்க மதினி, அதாவது அண்ணனான உங்கள் மனைவி தலையில் விழும். மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், சாப்பிட மாட்டேன் என்பவரைக் கெஞ்சுவதும், அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்வதும் அவர்தான். "சரிங்க" என்ற ஒரு சொல்லைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் எந்த வேலையைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று தனியாகக் கேட்டு, செய்ய மாட்டேன் என்றதை வேறு ஆளுக்குக் கொடுங்கள். அது முடியாத வீட்டில் இந்த வழியைத் தொடங்கவே வேண்டாம். இரண்டு, குறைசொல்லும் பேச்சு. ஒரே கூரையின்கீழ் நச்சரிப்பும் சலிப்பும் கூடும்போது நோய் மறுபடி தலைதூக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பது மனநல ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பக் கண்டது. "எழும்பு, குளி, வேலைக்குப் போ" என்று நாள் முழுக்கச் சொல்வது அன்பினால்தான் என்றாலும் பலன் அதே.

பிள்ளைகளுக்கு நேராகச் சொல்லிவிடுவது நல்லது. "சித்தப்பாவுக்கு மூளையில ஒரு சுகக்கேடு. சில நாள் ரொம்பப் பேசுவார், சில நாள் பேசவே மாட்டார். நீ செஞ்ச எதுனாலயும் இல்ல." எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். பதின்வயதுப் பிள்ளை "எனக்கும் வருமா" என்று கேட்கும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில். சித்தப்பா, அத்தைக்கு என்றால் அதைவிடக் குறைவு. சித்தப்பா மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்துச் சொல்லும் வேலையை மட்டும் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை இருக்கும் வருடத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தம்பிக்கோ பிள்ளைக்கோ மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது: ரப்பர் ஷீட்டுக்கு ஊற்றும் ஆசிட், வாழைக்கு அடிக்கும் மருந்து, மீந்துபோன பழைய மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள். கிணற்றுக்குக் கம்பி வலை. குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றப்பட வேண்டும். சாக வேண்டும் என்று அவர் பேசினாலோ, பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துத் தீர்த்தாலோ தனியே விடாமல் அன்றே டாக்டரிடம்.

நடந்து போகும் தூரத்தில் தனி இடம்

ஐந்து, பத்து நிமிட நடை. அதற்குமேல் தள்ளினால் மழைக்காலத்தில் போவது நின்றுவிடும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒரே காம்பவுண்டுக்குள் பின்பக்கம் தனி அறையும் கழிவறையும் கட்ட இடம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. வாடகை வீடானால் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும், எழுச்சியில் அவர் காலி செய்துவிட்டுப் போக முடியாதபடி. வீட்டுக்காரரிடம் நோயின் பெயரைச் சொல்வதா என்பது தம்பியின் விருப்பம். ஆனால் பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும்.

அன்றாட முறை இப்படி ஓடும்: சாவி இரண்டு, ஒன்று உங்களிடம். ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மட்டும் அவரிடம், மீதி உங்கள் அலமாரியில். லித்தியம் ஒரு மாதச் சரக்கு மொத்தமாக ஒருவர் கையில் இருப்பது ஆபத்து. இரவுச் சாப்பாடு உங்கள் வீட்டில், சாப்பிட்டதும் மாத்திரை, அப்புறம் அவர் வீட்டுக்கு. ஒரு நாளைக்கு ஒரு முறை முகம் பார்க்க இது போதும். வேவு பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் அவருக்கு வராது. இரண்டு முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லையென்றால் நேரில் போவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கெடுவது எங்கே? சோர்வு வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பார். எழுச்சி வரும்போது பைக், கடன், டாஸ்மாக் கூட்டாளிகள், விடிய விடியப் பேச்சு. இரண்டையும் இரவுச் சாப்பாடு முதல் நாளிலேயே காட்டிக்கொடுக்கும். "இன்னைக்கு வேண்டாம்" என்பது தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எச்சரிக்கை. குடியை நிறுத்த முடியாதவருக்கும், கடந்த ஒரு வருடத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவருக்கும் இந்த வழி இப்போதைக்கு ஒத்துவராது.

தங்கச்சிக்கோ அக்காவுக்கோ என்றால் ஊர் வாய் குறுக்கே நிற்கும். தனி வீடு என்றாலே பேச்சு. அதுவும் கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தவர் என்றால் சொல்லவே வேண்டாம். அங்கே ஒரே காம்பவுண்டு அறை, அல்லது கீழே நீங்களும் மாடியில் அவருமாக, அடுப்பு தனியாக. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பைபோலார் உள்ள பெண்ணுக்குக் குழந்தை பிறந்த முதல் சில வாரம் நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகம். இரவில் குழந்தையைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும், தாய்க்குத் தொடர்ச்சியாக ஐந்தாறு மணி நேரத் தூக்கம் கிடைக்க வேண்டும். எந்த மாத்திரையோடு பால் கொடுக்கலாம் என்பதை ஏழாம் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

அம்மா அப்பாவோடு

பார்க்க மிக இயல்பான வழி. இன்று ஓடுகிறது என்பதாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை. அம்மா "பிள்ளை மயங்கி மயங்கிக் கிடக்கான்" என்று மாத்திரையைப் பாதியாக உடைப்பார். மறைந்து மறைந்து கடனையும் அடைப்பார். உங்களுக்குத் தெரிய வரும்போது ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வந்திருக்கும். பெற்றோர் இருவருக்கும் எழுபதுக்குக் கீழே, உடல்நலம் சரி, மாதம் ஒரு தடவை டாக்டரிடம் நீங்களே கூடப் போகிறீர்கள் என்றால் தொடரலாம். ஒருவர் படுத்துவிட்டால் அன்றே மாறும் ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆசிரியர், அரசு ஊழியர் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. பெற்றோரில் ஒருவர் அரசு ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால், சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் உள்ள மகனோ மகளோ அவர்களுக்குப்பின் வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் பெற விதியில் இடம் உண்டு. மருத்துவச் சான்றோடு பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்துப் பெயரைப் பதியுங்கள். பின்னால் அலைவது பலமடங்கு.

மறுவாழ்வு இல்லம்

அடிக்கடி வன்முறை, நிற்காத குடி, வீட்டில் பார்க்க ஆளே இல்லை என்ற மூன்றில் ஒன்று இருந்தால் இதைக் குற்றவுணர்வில்லாமல் யோசிக்கலாம். சேர்க்கும் முன் கேட்க வேண்டியது: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று, மனநல டாக்டர் வாரம் எத்தனை நாள் வருகிறார், லித்தியம் ரத்தப் பரிசோதனை கட்டணத்தில் சேர்ந்ததா, போனில் பேச விடுவார்களா, நுழைவாயிலைத் தாண்டி அறைகளைப் பார்க்க விடுவார்களா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் எதற்கும் போகலாம், மாத்திரை கூடவே போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடம் வேண்டாம்.

அவர் விருப்பமில்லாமல் மருத்துவமனையில் வைப்பதற்கும் அதே சட்டம் எல்லை போடுகிறது. அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயங்களில் தன் சார்பில் நிற்க அவர் அமர்த்திய ஆள்) விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல டாக்டர். 30 நாள் வரை. மேலும் தேவையென்றால் முதலில் 90, பிறகு 120, பிறகு 180 நாள் என்று ஒவ்வொரு முறையும் மறுபரிசீலனை. அந்த நியமனப் பிரதிநிதியை அவர் தெளிவாக இருக்கும்போது வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டே அமர்த்தலாம். இந்த ஒரு தாள் இருந்தால் நெருக்கடி இரவில் உறவினர்களுக்குள் 'யார் கையெழுத்து' என்ற சண்டை வராது.

எந்த ஆஸ்பத்திரி

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவும் இலவச மருந்தும் உண்டு. வரிசையும் உண்டு, டாக்டர் மாறிக்கொண்டும் இருப்பார். எனவே எழுச்சி வந்த தேதிகள், மருந்து, அளவு, ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரு நோட்டில் உங்கள் கையில் இருக்க வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் தனியார் டாக்டரிடம் நேரம் கிடைக்கும், செலவு கூடும். களியக்காவிளைப் பக்கத்தாருக்குத் திருவனந்தபுரம் பேரூர்க்கடை மனநல மையம் நாகர்கோவில் போலவே பக்கம்தான். எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் தொடருங்கள். லித்தியத்தில் மெதுவாகக் கரையும் வகையும் சாதா வகையும் வேறு வேறு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரவில் கைமீறினால் 108. ஆலோசனைக்கு 14416, தமிழில், இலவசம், 24 மணி நேரமும். மீன்குழம்பில் மாத்திரையைக் கலக்கும் யோசனை எல்லா வீட்டிலும் யாராவது ஒருவருக்கு வரும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. ஒருமுறை கண்டுபிடித்தால் உங்கள் கையால் சோறே வாங்க மாட்டார்.

உடன்பிறந்தவர்களுக்குள் பங்கு

வளைகுடாவில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்புவார், ஊரில் இருப்பவர் ஓடுவார். ஓடுகிறவரின் நேரத்துக்குக் கணக்கு வைக்காததால்தான் மூன்றாம் வருடம் பேச்சு நின்றுபோகிறது. வாடகை, மருந்து, பரிசோதனை, வண்டிக்கூலி, ஆள்கூலி என்று மாதச் செலவை எழுதி, அதில் பொறுப்பெடுத்தவர் வருடத்தில் இரண்டு வாரம் முழுசாக விலகியிருக்க ஆகும் செலவையும் சேருங்கள். அண்ணன் லீவில் வரும் மாதத்தில் அந்த இரண்டு வாரத்தை அவரே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

40 சதவீதமோ அதற்குமேலோ ஊனமதிப்பு வந்தால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும். தன்னைப் பேணுதல், உறவு, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருடம் என்பதையும் வைத்து மதிப்பிடுவார்கள். நல்ல மாதத்தில் போனால் மதிப்பெண் குறையும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அட்டை இருந்தால், அவரைச் சார்ந்தவராகப் பராமரிக்கும் அண்ணனோ அக்காவோ பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் கழிவு கோரலாம். 80 சதவீதமோ அதற்குமேலோ என்றால் 1,25,000.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் மூன்று மாதத்துக்கு என்று அவரிடமே சொல்லித் தொடங்குங்கள். மூன்றாம் மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து நான்கு கேள்வி: மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது, எத்தனை இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினார், உங்கள் பிள்ளைகளின் படிப்பும் தூக்கமும் எப்படி, மதினி என்ன சொல்கிறார். இரண்டில் பதில் மோசமென்றால் அடுத்த வழிக்கு மாறுங்கள், அவர் சுகமாக இருக்கும் வாரத்திலேயே.